ஈரல் வகுப்புக்கு வராதவர்கள்

பேரின்பநாதனுக்கு நாக்கில் சனி என்று அவர் மனைவி சொல்வது வழக்கம். அன்று அந்தச் சனி அவரோடு பஸ் ஏறி வேலைக்கும் வந்துவிட்டது.

பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட் ஊரில், மருந்துப் போத்தல்களைப் பெட்டிகளில் அடைக்கும் தொழிற்சாலை. ஈரல் வருத்தம் உள்ள தொழிலாளருக்கு விளக்கம் சொல்ல அக்னெஸ் என்ற தாதி வந்திருந்தாள். அவளுடைய பிரெஞ்சைத் தமிழில் சொல்லும் பொறுப்பு பேரின்பநாதனின் தலையில். சாப்பாட்டு அறையில் மேசையைத் தட்டி அறிவித்தார்:

"ஈரல் வகுப்பு தொடங்கப்போகுது! தண்ணிச்சாமிமார் எல்லாரும் முன்வரிசைக்கு வாங்கோ. நடுக்கதிரை எனக்கு!"

அறையே சிரித்தது. சிரித்தபடியே கலைந்தும் போனது. அவரோடு பெட்டி அடைக்கும் துஷாந்தினி வாசல்வரை வந்தவள், சாப்பாட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி நடந்தாள்.

"பரவாயில்லை, நீங்களாவது கேளுங்கள்" என்றாள் அக்னெஸ்.

கேட்டார். ஒரு சொட்டும் குடிக்காதவருக்கும் ஈரல் பழுதாகுமாம். தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றும் கிருமி ஒன்று உண்டாம். மருந்து இருக்கிறது, ஆனால் இடையில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளானால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பேரின்பநாதன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கிழமையாகத் துஷாந்தினியின் மஞ்சள் பூத்த கண்களைப் பார்த்து, வேலைக்கூடத்து விளக்கின் நிறம் என்று நினைத்திருந்த மேதை அவர்.

வேலைக்கு நடுவே அவளருகே போனார்.

"தங்கச்சி, உடம்பு சரியில்லையோ?"

"நித்திரை காணாது அண்ணை."

"கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு."

"கறிக்கு மஞ்சள் கூடிப்போச்சு."

வேறு நாளென்றால் இந்தப் பகிடிக்கு அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

வேலை முடிந்ததும் பஸ் தரிப்பிடத்துப் பனிச்சேற்றில் நின்று மறுபடி கேட்டார்.

"நான் ஒரு விசரன், பிள்ளை. என்ர வாய்க்குக் காவல் இல்லை. ஆனா இது பகிடி இல்லை. ஏன் வகுப்பு வாசல்ல இருந்து திரும்பிப் போனனீ?"

பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அண்ணை, ஈரல்தான். போன வருசமே டொக்டர்மார் கண்டுபிடிச்சவை. மருந்துக் குளிசையைக் கண்டால் வீட்டில நான் குடிச்சுத்தான் வந்ததெண்டு நினைப்பினம் எண்டு, அதை நிப்பாட்டிப்போட்டன். இனியும் போடலாமோ எண்டு அந்த நேர்ஸ் மிஸ்ஸிட்டக் கேக்கத்தான் வந்தனான். நீங்கள் தண்ணிச்சாமி எண்டு கூப்பிட்டீங்கள், எல்லாரும் சிரிச்சினம். உங்களாலதான் திரும்பினனான்."