முதுகளவு

ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு தையல்காரருக்கு மனப்பாடம். தன் முதுகளவு மட்டும் தெரியாது. அதை அளந்துகொண்டிருந்தவள் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. சிநேகிதன் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஈ காக்கை கிடையாது. "ஒண்டிக்கட்டைக்கு என்ன குறைச்சல்?" என்று மார்தட்டித் திரிந்த மனுஷன்!

வெளியூரிலிருந்து மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை கல்யாணம். அம்மாவும் இல்ல. நீங்களே தைச்ச கோட்டுலதான் என் பக்கத்துல நிக்கணும். கடைக் கோட்டுன்னா பேசவே மாட்டேன்பா."

கண்ணாடி முன் நின்று டேப்பை முதுகுப்பக்கம் வீசிப் பிடித்தார். கையை வளைத்ததும் தோள் ஏறிக்கொண்டது. அந்த அளவில் தைத்த கோட்டு, போட்டுக் கையை நீட்டியதும் டர்ரென்று கிழிந்தது. கடிதம் கொடுக்க வந்த தபால்காரரைப் பிடித்து அளக்கச் சொன்னார். அவர் மேலே கை படாமல் டேப்பைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"சுமாரா பதினேழு. இல்ல, பத்தொம்பது."

"சுமாராவா? கல்யாணம் சுமாராவா நடக்கும்? போய்யா!"

வியாழக்கிழமை ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோட்டுக்கான துணி. எதிர்க்கடையிலும் ஒரு தையல்காரர் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன் இவருடைய துணிக் கத்தரிக்கோலை இரவல் வாங்கிக் காகிதம் வெட்டி மழுக்கிய பாவி அவர். அன்றோடு பேச்சு நின்றது. வேறு வழியில்லை, தெருவைக் கடந்தார்.

"முதுகு அளக்கணும்."

எதிர்க்கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். டேப்பை எடுத்தார். "திரும்பு. வயித்த உள்ள இழுக்காத, எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

தோளில் விரல்கள் பதிந்தன. நான்கு வருஷத்தில் அங்கே பட்ட முதல் கை. தையல்காரருக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னய்யா?"

"டேப்பு குத்துது."

"டேப்பு எங்கய்யா குத்தும்?" என்றபடியே எதிர்க்கடைக்காரர் அளவைச் சீட்டில் எழுதி நீட்டினார்.

வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தையல்காரர் அவருடைய சட்டையைக் கவனித்தார். இடது தோள் ஒரு விரற்கடை உயரம். கண்ணாடி முன் தனியாக நின்று எடுத்த அளவு, பார்த்ததுமே தெரிந்தது.

டேப்பைப் பிடுங்கினார். "நீ திரும்பு."

"எனக்கு எதுக்கு?"

"கல்யாணத்துக்கு இந்தச் சட்டையோடவா வரப்போற? என் மானம் போயிடும். நேரா நில்லு!"