இரண்டு தாளும் ஒன்றாக

விளம்பரம் ஓட ஆரம்பித்தாயிற்று. மறுபடி நேரலைக்குப் போக நூறு விநாடி. இசை இயக்குநர் சாக்ஸஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பியானோவில் இருந்த தங்கையிடம் ஏதோ சொல்லக் குனிந்தவர், அவளுடைய இசைக் குறிப்புத் தாளைப் பார்த்தார்.

அவர் தாளில் இருந்ததே அதிலும் இருந்தது.

பதினேழு வருஷமாகத் தொலைக்காட்சி வாத்தியக்குழு நடத்துகிற மனிதர் செய்கிற காரியமா இது? சாக்ஸஃபோன் ஒரு கோணல் வாத்தியம். தாளில் இருப்பது ஒன்று, ஊதினால் கேட்பது மூன்று படி தள்ளி வேறொன்று. அதனால் அவருக்குத் தனித் தாள், பியானோவுக்கு வேறு தாள். இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது. விருந்தினராக வந்த பாடகி கடைசி நேரத்தில் சுருதியை மாற்றச் சொன்னார். அவசரத்தில் தன் தாளை எழுதி, அதையே பார்த்து மற்றவர்களுக்கும் எழுதித் தொலைத்திருக்கிறார். ஒத்திகைக்கும் நேரமில்லை. பாவி மனுஷன்.

அந்த அம்மாளுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு வருஷம். அதற்குப் பிறகு இதுதான் முதல் பாட்டு. "இந்தச் சுருதிதான் தம்பி. இதுக்குக் கீழ போனா வெறும் காத்துதான் வரும்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது குழு வாசிக்கப்போவது அதற்கு மூன்று படி கீழே.

"மாத்தி வாசிக்க முடியுமா?" என்று தங்கையைக் கேட்டார்.

"இவ்வளவு சிக்கலான பாட்டையா? பாதியில சறுக்கிடுவேன் அண்ணா. மத்தவங்களுக்கும் அதே கதிதான்."

டிரம்ஸில் இருந்த தங்கை கணவர் எட்டிப் பார்த்தார். தாளம் தட்டுகிறவருக்கு எந்தச் சுருதியாக இருந்தால் என்ன, அவருக்கு யோசனை சுலபமாக வந்தது. "பேசாம விடுங்க மச்சான். நீங்க மட்டும் எங்க சுருதிக்கு இறங்கிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? அந்தம்மாவுக்குக் குரல் போயிடுச்சுன்னுதான் நினைப்பாங்க."

இயக்குநருக்கு ஆசையாகத்தான் இருந்தது. கேமரா பக்கத்தில் புது நிர்வாகி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதிவு செய்த இசையைப் போட்டால் போதும், எட்டுப் பேர் எதற்கு என்று ஒரு மாதமாக நச்சரிக்கிற ஆள். இன்றைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்.

"முப்பது" என்று அரங்க மேலாளர் குரல் கொடுத்தார்.

பாடகி வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முதல் வரியை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் வாசிக்காதீங்க. நானும் டிரம்ஸும் மட்டும்" என்றார் இயக்குநர்.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த ஆள் பார்த்துட்டு நிக்கிறாரு. நாம இல்லாமலே நடக்கும்னு நாமளே காட்டிக் குடுக்கிறதா?"

"தெரியும்மா."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் ஊதினார். பின்னால் வாத்தியங்கள் வராததைக் கண்டு பாடகி திடுக்கிட்டுத் திரும்பினார். இயக்குநர் கண்ணாலேயே 'வாங்க' என்றார். முதல் வரியில் குரல் தடுமாறியது. அவர் ஊதுவதை அடக்கி வழிவிட்டார். இரண்டாவது வரியில் குரல் சுருதியைப் பிடித்துக்கொண்டது. பிறகு அந்த அம்மாள் விடவில்லை. ஆறு பேர் மடியில் கையை வைத்துக்கொண்டு வாத்தியார் அடக்கி உட்கார வைத்த பிள்ளைகள் கணக்காக இருந்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் நிர்வாகி வந்தார். "பிரமாதம் சார். ரெண்டு ஆளே போதும் போலிருக்கே. மத்தவங்க எதுக்கு?"

இயக்குநர் இரண்டு தாள்களையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ரெண்டும் ஒண்ணா இருக்கு பாருங்க, இருக்கக் கூடாது. நான் எழுதினது. இவங்க வாசிச்சிருந்தா அந்தம்மா இன்னியோட தொலைஞ்சிருப்பாங்க. நான் சொன்னேன்னு வாயைத் திறக்காம உட்கார்ந்தாங்க. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

பாடகி டம்ளரை மேசைமேல் வைத்தார். "இவங்க எட்டுப் பேரும் இருந்தாத்தான் நான் மறுபடி வருவேன்" என்றார்.

நிர்வாகி தாள்களை மாறி மாறிப் பார்த்தார். "சரி, குழு இருக்கட்டும். ஆனா பொறுப்பு இனிமே உங்க தங்கச்சிக்கு."

அடுத்த வாரம் அவருக்கு ஓர நாற்காலி. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நேரலைக்கு முன் தங்கை வந்து அவர் தாளுக்குப் பக்கத்தில் தன் தாளையும் வைத்தாள்.

"வேற வேறயா இருக்கான்னு நீயே பார்த்துடு அண்ணா."

அவர் இரண்டு முறை பார்த்தார். வேறு வேறாகத்தான் இருந்தன. தலையாட்டிவிட்டு, ஆரம்பிக்கச் சொல்லும் அவள் தலையசைப்பு தெரிகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.