கிழக்கு மலையில் வெயில்

அனுமந்தன்பட்டியில் பங்கிராஸின் வீட்டுக் கதவு பட்டப்பகலில் உள்தாழ் போட்டுக் கிடந்தது. எதிரே வேப்பமரத்தடியில் ஒரு கூண்டு வண்டி. அதற்குள் உத்தமபாளையத்து ஜவுளிக்கடை பொன்னுராஜ் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து, பெரியகுளம் முன்சீப் கோர்ட்டு அமீனா நின்றான். அவன் மடியில் பங்கிராஸைப் பிடிக்க வாரண்டு இருந்தது.

தங்கை வியாகுலமேரியின் கலியாணத்துக்குப் பட்டும் பாத்திரமும் பொன்னுராஜிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து எடுத்தவை. எடுத்த அன்று அவர் விலையே பேசவில்லை. "உன் வீட்டுக் கலியாணம், எடுத்துக்க" என்றார். பேரம் பேசாமல் சரக்கு கொடுக்கிற வியாபாரியைக் கண்டால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருக்க வேண்டும். பங்கிராஸ் கும்பிட்டுவிட்டு வந்தான். வட்டி ஏறி, பிராது போட்டு, கடனைக் கட்டச் சொல்லிக் கோர்ட்டில் டிகிரியும் ஆகிவிட்டது.

ஆனால் வாசற்கதவை அமீனா உடைக்கக் கூடாது. பொழுது விழுந்தபின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவும் கூடாது. கடன்பட்ட சனம் இந்த இரண்டு சட்டத்தையும் ஜெபம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது.

"பேச்சிமுத்துவ கடனுக்காக மதுரை செயிலுக்குக் கொண்டுபோனாகளே, திரும்பி வந்தப்ப எப்படி இருந்தான்?" என்றான் பங்கிராஸ், கதவிடுக்கில் கண்ணை வைத்தபடி.

அவன் மனைவி இருதயம்மாள் பானையை எட்டிப் பார்த்தாள். பேச்சிமுத்து திரும்பி வந்தது கட்டிலில். இறக்கி வைத்த கட்டிலிலிருந்து அவன் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஊரில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூலையில் அவர்கள் மகள் சின்னவள் காய்ச்சலில் முனகினாள். பானையில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு ராக்கம்மாள் நேற்றுவரை சன்னல் கம்பி வழியாகச் செம்பில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்று அவளையும் காணவில்லை. காலையில் பொன்னுராஜ் அவள் புருசனிடம், "உன் கணக்கும் என் கடையிலதானப்பா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னதைப் பங்கிராஸும் இருதயம்மாளும் கேட்டிருந்தார்கள்.

வெளியே பொன்னுராஜின் குரல் வந்தது. "ஏலே பங்கிராசு, உள்ள மூச்சு முட்டுதா? நான் என்ன உன்னைய கடிச்சா திங்கப் போறேன்?"

"திங்க மாட்டாரு. உப்புக்கண்டம் போட்டு வச்சுக்கிருவாரு" என்று முணுமுணுத்தான் பங்கிராஸ். அவன் விரல்கள் தாழ்ப்பாளை விட்டு நகரவில்லை.

"பொழுது விழட்டும்" என்றாள் இருதயம்மாள். "நான் குடத்த எடுத்துக்கிட்டு ஓடிப் போயிட்டு வந்துர்றேன். நீங்க உள்ளயே இருங்க. வாசப்படி தாண்டாதீக."

இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கீற்று மெல்ல மெல்ல மங்கியது. மேற்கு மலையின் நிழல் வயல்களைத் தாண்டித் தெருவில் ஏறி வேப்பமரத்தை விழுங்கியது. கோழிகள் கூட்டுக்கு நடந்தன. வண்டிக்குள் பொன்னுராஜின் பேச்சும் அடங்கிவிட்டது. போய்விட்டார்களோ? சின்னவள் "தண்ணி" என்றாள்.

பங்கிராஸ் தாழை நீக்கினான். இருதயம்மாள் குடத்தோடு ஒருக்களித்து வெளியேற, அந்த இடைவெளியில் ஒரு காக்கிக் கால் நுழைந்தது. கதவுக்குப் பக்கவாட்டில் சுவரோடு சுவராக அமீனா நின்றிருக்கிறான். மறு நொடியில் அவன் கை பங்கிராஸின் தோளில் இருந்தது.

குடம் உருண்டது.

"பொழுது விழுந்துருச்சுய்யா" என்றான் பங்கிராஸ். "உள்ள வரக்கூடாது நீங்க."

அமீனா அவனை வாசலுக்கு நகர்த்தி, கிழக்கே கையை நீட்டினான். ஊரெல்லாம் இருட்டிக் கிடக்க, வருசநாட்டு மலைகளின் மேல் மட்டும் வெயில் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"அங்கன பாரு. சூரியன் உங்க மேக்கு மலைக்குப் பின்னால போயிருக்கு, அவ்வளவுதான். அது விழுறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேர நான் இந்த நேரத்துலதான் பிடிக்கிறேன்."

மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, மலை மறைப்பதுதான் மாலை. அதற்குமேல் ஒரு மாலை இருப்பதாக அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

பங்கிராஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அமீனா தூக்கி நிறுத்தினான். "ஏன் இப்படிப் பயப்படுற? முன்சீப் உன்னைய கேப்பாக, திவால் மனுக் கொடுக்கிறியான்னு. பிடிபட்டவனத்தான் கேப்பாக, ஒளிஞ்சு கெடக்குறவன இல்ல. ஒரு சாமீன் நிறுத்தி, உள்ளதையெல்லாம் எழுதிக் கொடுத்தா வீட்டுக்கு வரலாம். ஒண்ண மறைச்சாலும் மோசடி. அப்புறம் செயிலுதான்."

பொன்னுராஜ் வண்டியிலிருந்து இறங்கியே விட்டார். "அமீனா, உனக்கு எதுக்கு வக்கீல் வேலை?" என்றவர், பங்கிராஸின் காதருகே குனிந்தார். வெற்றிலை வாசனை அடித்தது. "செயிலுல உனக்குச் சோத்துக்கும் நான்தான் மாசாமாசம் கட்டணும். நமக்கு எதுக்கு அது? தேவதானப்பட்டியில உன் மச்சான் ஞானதுரை தொழுவத்துல நிக்குதே ஒரு சோடி, அத என் பக்கம் ஓட்டி விடு. வட்டிய விட்டுர்றேன். கோர்ட்டுல மாடே இல்லன்னு சொல்லிரு."

பங்கிராஸ் அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்த வண்டிக் காளைகள்தான் அவன் பிழைப்பு. மச்சான் பேருக்குப் பொய்க்கிரயம் எழுதி ஒளித்து வைத்தது இவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தே இத்தனை நாளும் வண்டியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றிருக்கிறார். சரி என்றால் மோசடிக்காரன். அந்தக் கயிற்றின் நுனி சாகும்வரை இவர் கையில் இருக்கும். முடியாது என்றால் இவர் வாயே அவனைச் செயிலில் தள்ளும்.

இருதயம்மாள் குடத்தை எடுத்து நிமிர்த்தினாள்.

"மாட்டையும் எழுதுங்க" என்றாள். "மொதல்ல அதையே எழுதுங்க. கிரயம் பொய்யின்னும் சொல்லிருங்க."

"மாடு போனா எதை வச்சுப் பிழைக்க?"

"நீங்க திரும்பி வந்தீகன்னா கூலிக்குப் போவோம். வரலைன்னா மாட்ட வச்சு நான் என்ன செய்ய?"

"பொய்க்கிரயம் எழுதினவனை விட்டுருவாகளா, தாயி?" என்றார் பொன்னுராஜ், பரிவு மாதிரியான ஒரு குரலில்.

அமீனா தரையைப் பார்த்தான். "நாமளா ஒத்துக்கிட்டா முன்சீப் ஐயா யோசிப்பாக" என்றான். விட்டுவிடுவார்கள் என்று அவன் சொல்லவில்லை.

பங்கிராஸ் துண்டை உதறித் தோளில் போட்டான். "வண்டியில ஏற மாட்டேன் முதலாளி. அதுக்கும் வாடகை எழுதிப்புடுவீக. நடந்தே வர்றேன்."

பொன்னுராஜ் சிரிக்கவில்லை. பங்கிராஸுக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது; கொஞ்சம்தான். இருதயம்மாள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கிணற்றுப் பக்கம் ஓடினாள். அமீனாவின் பிடிக்குள் பங்கிராஸ், கோர்ட்டுக்குப் போகுமுன் இரவு தங்க வேண்டிய ஊர்ச் சாவடியை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்த்தபோது வருசநாட்டு மலையின் உச்சியிலும் வெயில் அணைந்திருந்தது.