சிவப்புக் கோட்டுக்குக் கீழே

கமலக்கண்ணனுக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் கலங்கும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில், அந்த வாரம் அவன் கக்கூஸுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மாமியார் வூட்டு விருந்து பலமா?" என்று கேண்டீன்காரர்கூடக் கேலி செய்தார். சிரித்து வைத்தான். வேறு என்ன செய்வான், பாவம்? மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் போன் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சாக்ஸுக்குள் ஒளித்து எடுத்துப்போன போனைக் கக்கூஸில் உட்கார்ந்து திறந்து, ஒரே ஒரு பங்கின் விலையைப் பார்ப்பான். பார்த்ததும் இன்னொரு முறை கலக்கும்.

பார்க்காமல் இருந்து தொலையலாமே என்றால், அது முடிகிற காரியமா? அந்தப் பங்கில் கிடந்தது அவனுடைய பணமில்லை. அவன் அக்கா அமுதவல்லியின் பணம்.

அக்கா பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போன பிறகு, கொழுந்தன்மார்களோடு மல்லுக்கட்டித் தன் பங்கு நிலத்தை வாங்கி விற்றாள். "என் பேர்ல பேங்க்குல கெடந்தா அவனுங்க மோப்பம் புடிச்சிக்கினு வந்து நிப்பானுங்க. உன் கணக்குலயே கெடக்கட்டும்டா" என்று மொத்தத்தையும் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டாள். உப்பளத்தில், தம்பி வாடகைக்கு இருக்கும் தெருவிலேயே இரண்டு அறை வீடு ஒன்றையும் பேசி முடித்தாயிற்று. விற்பவர் பிரான்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. வயதான காலத்தில் மகளோடு இருக்கப் பிரான்சுக்கே போகிறார். வெள்ளிக்கிழமை பத்திரம், ஞாயிற்றுக்கிழமை விமானம். வெள்ளியன்று பணம் வரவில்லை என்றால் வீடு இன்னொருவருக்கு. காதில் கழுத்தில் கிடந்ததை விற்று அக்கா கொடுத்த அட்வான்ஸும் அம்பேல்.

இப்படிப்பட்ட பணத்தைப் பங்கில் போடச் சொன்னது யார்? எந்தக் கூட்டாளியும் சொல்லவில்லை, எந்த டிவிக்காரனும் சொல்லவில்லை. அவன் பார்க்கிற வேலைதான் அவனைக் கெடுத்தது.

கமலக்கண்ணன் தரம் பார்க்கிறவன். லேத்தில் கடைந்து வரும் இரும்பு உருளையை மைக்ரோமீட்டரில் அளந்து, சுவரில் மாட்டிய சார்ட்டில் புள்ளி வைப்பான். சார்ட்டில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. இரண்டுக்கும் நடுவில் புள்ளி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளக் கூடாது, தானாகத் திரும்பிவிடும். கோட்டைத் தாண்டினால் மட்டும் மெஷினை நிறுத்த வேண்டும். எந்தக் கொம்பன் தடுத்தாலும் நிறுத்திவிடுவான். அதனால் ஷாப்பில் அவனுக்கு 'ஸ்டாப்பு கண்ணன்' என்றே பெயர்.

இந்த மனிதன் ஒரு நாள் ஒரு பம்பு கம்பெனிப் பங்கின் பழைய விலைகளை இறக்கி அச்செடுத்தான். பத்து வருட விலை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் சார்ட் மாதிரியே தோன்றியது. ஸ்கேலை எடுத்தான், மேலே ஒன்று கீழே ஒன்று சிவப்புக் கோடு போட்டான். எட்டு வருடமாக விலை கீழ்க்கோட்டைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் திரும்பி ஏறியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் மட்டும் கன்னாபின்னாவென்று இருந்தது. பாதிக்கும் கீழே விழுந்து, எழுந்திருக்க மாட்டாமல் கிடந்தது. மெஷினை செட்டிங் செய்யும்போது வருகிற முதல் அளவுகளை ஷாப்பில் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில், அந்த இரண்டு வருடத்தின் மேல் பேனாவால் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'செட்டிங்' என்று எழுதினான். அட மடையா! கம்பெனி என்ன லேத்தா?

விலை கீழ்க்கோட்டைத் தொட்ட அன்று அக்காவின் பணத்தைப் போட்டான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறி வந்ததும் எடுத்துவிட்டால் அவளுக்குப் பத்திரச் செலவாவது மிஞ்சும் என்பது நினைப்பு. கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. போன வாரம் விலை கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. நாளைக்குத் திரும்பும் என்றான். மறுநாள் இன்னும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் இந்தச் சாக்ஸும் கக்கூஸும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா பையும் மூட்டையுமாக வந்து இறங்கினாள். வந்ததும் வராததுமாகப் புது வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அடுப்படி ஜன்னல தொறந்தா காத்து பிச்சிக்கினு வருதுடா கண்ணா" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "அப்டியாக்கா" என்றான்.

அக்கா குளிக்கப் போனதும் அவன் பெண்டாட்டி சரிதா அவனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க, ஒரு வாரமா பேயறைஞ்ச மாதிரி கீழயும் மேலயும் பாத்துக்கினு திரியறீங்க. இன்னா ஆச்சு?"

சொல்லிவிட்டான். சரிதா அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"அண்ணிகிட்ட இப்பவே சொல்லிடுங்க."

"திரும்பிடும்டி. பழைய வெல எல்லாத்தயும் பாத்துட்டுதான் போட்டேன். எட்டு வருஷமா ஒரு வாட்டிகூடத் திரும்பாம இருந்ததில்ல."

"எட்டு வருஷம் திரும்புச்சுன்னா இப்பவும் திரும்பணும்னு எவனாவது எழுதிக் குடுத்திருக்கானா? அந்த அம்மா நம்மள நம்பி வந்து நிக்குதுங்க!"

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை அக்காவும் சரிதாவும் வீராம்பட்டினத்து அம்மனுக்கு அர்ச்சனை செய்யப் போனார்கள். இவன் ஷிப்டுக்கு வந்தான். மார்க்கெட் இன்னும் திறக்கவில்லை. மூன்றாம் நம்பர் லேத்தில் எடுத்த உருளையை அளந்து புள்ளி வைத்தான். புள்ளி கீழ்ச் சிவப்புக் கோட்டுக்கும் கீழே விழுந்தது. கை தானாகப் போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கியது.

சூப்பர்வைசர் எழிலரசன் குதித்துக்கொண்டு வந்தார். "யோவ் ஸ்டாப்பு, இன்னிக்கி லோடு ஏத்தணும்யா! போன மாசம்கூட இப்டித்தான் இறங்கி இறங்கித் திரும்புச்சு. உடு, ஓடட்டும்."

"போன மாசம் கீழ்க்கோட்டுக்கு மேலயே இருந்துச்சு சார். இப்ப கீழ போயிடுச்சு. உள்ள என்னமோ ஒடைஞ்சிருக்கு. தானா திரும்பாது."

"எப்டிய்யா அவ்ளோ உறுதியா சொல்ற?"

"கோட்ட தாண்டிட்டா பழைய அளவ எல்லாம் பேசறதுல பிரயோஜனமே இல்ல சார். ஓட ஓட நஷ்டம்தான்."

பிட்டர் வந்து திறந்து பார்த்தார். டூலை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் உடைந்து, டூல் அளவுக்கு மேல் கடைந்துகொண்டிருந்தது. எழிலரசன் முணுமுணுத்துக்கொண்டே போனார். கமலக்கண்ணன் மட்டும் அந்த இடத்திலேயே நின்றான். வாயால் சொன்ன சொல் இப்போதுதான் அவன் காதுக்குள் போயிற்று. அடப்பாவி, ஊரான் வீட்டு மெஷினுக்குத் தெரிந்த நியாயம் அக்கா பணத்துக்குத் தெரியாமல் போயிற்றே!

ஓடினான். இன்றைக்கு விற்றால்தான் வெள்ளிக்கிழமைக்குள் பணம் பேங்குக்கு வரும். நேற்றைய விலைக்குப் போனாலும் போதும், குறைகிறதைக் கடன் உடன் வாங்கிச் சேர்த்துவிடலாம். கக்கூஸ் கதவைத் தாழ்போட்டு, மொத்தத்தையும் விற்கச் சொல்லி அமுக்கினான்.

போகவில்லை. மறுபடி அமுக்கினான். போகவில்லை.

அப்புறம்தான் செய்தியைப் பார்த்தான். பம்பு கம்பெனியின் கணக்கில் ஏதோ புரட்டு என்று அதன் ஆடிட்டரே விலகிவிட்டாராம். ஒரு நாளில் எவ்வளவு இறங்கலாம் என்று ஒரு வரம்பு உண்டே, மார்க்கெட் திறந்த கையோடு விலை அந்த அடிமட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விற்க நிற்கிறவர்கள் லட்சக்கணக்கில். வாங்குகிற பக்கம் முட்டை. ஒரு ஆள்கூட இல்லை. அவன் பட்டனை அமுக்கியும் இந்த மெஷின் நிற்கவில்லை. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும், நாளை மறுநாளும் இப்படித்தான். வயிறு கலங்கவில்லை இப்போது. உள்ளே ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது, அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். அக்கா நெற்றி நிறைய விபூதியோடு கூடத்தில் உட்கார்ந்து பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா சீக்கிரம் வந்துட்ட? பேங்க்குக்குப் போய்ப் பணத்துக்குச் சொல்லிட்டியா?"

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கடைசியிலிருந்து ஆரம்பித்தான். "பணம் வராதுக்கா." அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். பங்கு, பழைய விலை, கோடு, ஆடிட்டர், வாங்க ஆளில்லாதது. சரிதா வாசல் கதவைச் சாத்தினாள்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தான். அவள் கத்தவில்லை. பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள்.

"அந்தக் கோட்டுக்குக் கீழ எப்ப போச்சு?"

"போன வாரம்."

"அன்னிக்கே வித்திருந்தா?"

"கொஞ்சம்தான்க்கா போயிருக்கும். வீட்ட வாங்கியிருக்கலாம்."

"அப்ப ஏன்டா விக்கல? தெனம் மெஷின நிறுத்தறவன்தானே நீ?"

திரும்பும் என்று நம்பினேன் என்று சொல்ல வாயெடுத்தான். அது பொய் என்று அவனுக்கே தெரிந்தது. "வித்தா நஷ்டம்னு ஆயிடும், உன்கிட்ட சொல்லணும். விக்காத வரைக்கும் சொல்ல வேணாம். அதான்க்கா."

"என்கிட்ட சொல்லவா பயம்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினான். நாற்பதை நெருங்குகிறவன், மூக்கு ஒழுக அழுதான்.

"கொழுந்தனுங்களுக்குப் பயந்து உன்கிட்ட குடுத்தேன்டா" என்றாள் அக்கா. "நீ எனக்குப் பயந்து எல்லாத்தயும் உட்டுட்டு வந்து நிக்கறியே." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். சரிதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதைத் தொடவில்லை.

அப்புறம் எழுந்து, செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா போற?"

"வூடு விக்கற அந்தப் பெரியவருகிட்ட. பணம் இல்லன்னு இன்னிக்கே சொல்லிடணும். வெள்ளிக்கிழம வரைக்கும் அந்த மனுஷனயும் நம்ப வெச்சிக்கினு கெடக்காத. எழுந்திரு, நீதான் சொல்லணும்."

அவனுக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. எழுந்து அவள் பின்னால் நடந்தான்.