மகள் சிரிக்கட்டும்

1

இந்தக் கதை ஒரு பென்சில் குறிப்பிலிருந்து பிறந்தது. டோக்கியோவின் மேற்கு ஓரத்தில் நாடகம், நடனம், திரைப்படம் மூன்றையும் ஒரே கட்டடத்தில் போட்டு அடைத்துக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று. அங்கே இறுதியாண்டு நாடகப் பிரதியில், மூன்றாம் காட்சியின் ஓரத்தில், இயக்குநர் கிறுக்கியிருந்தது: "மகள் சிரிக்கட்டும்."

எப்படித் தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை.

டிசம்பர் மாதத்து இளவெயில் ஒத்திகை அறையின் தரையில் மெல்ல

(வேண்டாம். ஒத்திகை அறை நிலவறையில் இருந்தது. அங்கே வெயிலுக்கு என்ன வேலை?)

வகானா நடனப் பிரிவு மாணவி, இறுதியாண்டு. நாடகப் பிரிவின் நாடகத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரே காட்சி, ஒரு வசனமும் இல்லை. அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வந்த குடும்பம் சாப்பிட உட்காரும். மகள் பின்னால் ஒரு நாற்காலியருகே நின்றுகொண்டிருப்பாள். அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் காட்சிக்குக் கிரியூ என்ற நடனக்குழுத் தலைவி வருவதாக இருந்தது. ஜனவரியில் ஒரே ஒருவரைக் குழுவில் சேர்க்கப்போகிறார். அந்த இடம் கிடைக்காவிட்டால் மார்ச்சில் வகானா சொந்த ஊரான அக்கிதாவுக்குத் திரும்பி, அம்மாவின் முடிதிருத்தும் கடையில் தலை அலசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அவள் சம்மதித்தும்விட்டாள்.

2

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டேன் என்று திட்டக்கூடாது. ஜப்பானில் மேடைக்காரர்களும் படப்பிடிப்புக்காரர்களும் "சிரிக்க வை" என்று சொன்னால் "எடுத்துவிடு" என்று பொருள். பூச்சாடி இடைஞ்சலாக இருந்தால் "அதைச் சிரிக்க வை" என்பார்கள், ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போவார். ஏன் அப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

நாடகப் பிரிவில் முதல் மாதமே இது காதில் விழுந்துவிடும். நடனப் பிரிவில் விழாது. அவர்களுக்கு வெறும் தரைதான், எதை எடுப்பது?

ஆக, மேடை நிர்வாகி தொகாஷி இயக்குநரின் பிரதியிலேயே குறிப்பைப் படித்துவிட்டு, மகளை மூன்றாம் காட்சியிலிருந்து எடுத்துவிட்டாள். வகானா அதே குறிப்பைத் தன் நகலில் படித்துவிட்டு, சிரிக்கப் பழகத் தொடங்கினாள்.

இரண்டு வாரம் பழகினாள். ரயிலில், குளிக்கும்போது, பகுதிநேர வேலை பார்த்த ரொட்டிக் கடையில். சாவு வீட்டில் ஒரு பெண் எப்படிச் சிரிப்பாள்? வாயால் சிரித்தால் பொய்யாக இருந்தது. வயிற்றில் தொடங்கி, தோளில் நிறுத்தி, மூக்கு வழியாக விட்டுப் பார்த்தாள். அப்போதுதான் ஏதோ கொஞ்சம் வந்தது.

3

மூன்றாம் காட்சி ஒத்திகைக்கு வந்தபோது பிற்பகல் நான்கு மணி. எல்லோரும் வழக்கம்போல "காலை வணக்கம்" சொல்லிக்கொண்டார்கள், மேடைக்காரர்களுக்கு எந்த நேரத்திலும் அதுதான் வணக்கம்.

"நீ எதுக்கு வந்த?" என்றாள் தொகாஷி.

"மூணாவது காட்சி இருக்கே."

"உன்னத்தான் சிரிக்க வச்சாச்சே."

"நான் இன்னும் சிரிக்கவே இல்லையே, தொகாஷி-சான். இப்பதானே சிரிக்கப் போறேன்."

மேசையைச் சுற்றியிருந்த நடிகர்கள் மூன்று பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருத்தன் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "யம்மாடி, யாராவது சொல்லிக் குடுங்கப்பா," என்றான். தொகாஷிதான் சொன்னாள், முடிந்தவரை மெதுவாக.

வகானாவின் காது மடல் சிவந்துபோனது. அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவன் பெயர் செகாவா என்று வைத்துக்கொள்வோம். மூத்த மாணவன் என்பதால் "செம்பாய்" என்றுதான் கூப்பிடுவாள்.

"எதுன்னாலும் பரவாயில்ல, செம்பாய். பழகினத ஒரே ஒரு தடவ காட்டிட்டுப் போயிடுறேன்."

அவர்கள் சாப்பிடுவதாக நடித்தார்கள். அவள் பின்னால் நின்று சிரித்தாள். சத்தம் என்று பார்த்தால் ஒரு மூச்சு அளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையில் குச்சி அப்படியே நின்றுவிட்டது.

"அதத்தான் எழுதியிருந்தேன்," என்றான் செகாவா. "சிரிப்புன்னா சிரிப்புதான். தொகாஷிதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா."

தொகாஷி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு "மன்னிச்சிருங்க, என் தப்புதான்," என்று குனிந்துவிட்டு, ஓரமாக வைத்திருந்த நாற்காலியைத் தூக்கி வந்து வகானாவின் பக்கத்தில் போட்டாள்.

4

முடிவு அ: கிரியூ வந்தார், பார்த்தார், வகானாவைச் சேர்த்துக்கொண்டார்.

முடிவு ஆ: முதல் நாள் பயத்தில் சிரிப்பு வரவில்லை, அவள் அக்கிதாவுக்கு

(ஆ பொய். நடந்தது அ. கதையில் சோகம் கொஞ்சம் குறைகிறதே என்று கையை வைத்தேன்.)

செகாவா என்று யாரும் இல்லை. அது நான்தான். திருச்சியிலிருந்து போய் முதுகலை படித்துக்கொண்டிருந்தவன். மேடைக்காரர்களின் குழூஉச் சொற்களை அவர்களைவிட அதிகமாக வீசிக்கொண்டு திரிந்தேன், வெளியூர்க்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. வகானாவை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் அதைவிடக் கேவலம். அவள் சும்மா நின்றாலே பார்ப்பவர் கண் அவள் பக்கம் போனது. நான் எழுதிய வசனத்தை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

5

பன்னிரண்டு வருடம் ஆகிறது. வகானா இப்போது தனிக்குழு வைத்திருக்கிறாள். எந்தப் பேட்டியிலும் அதே கதைதான்: வசனமே இல்லாத ஒருத்தியைப் பார்த்து "இவள் சிரிக்கட்டும்" என்று எழுதிய ஒரு செம்பாய் இருந்தார், என்னை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான் என்று. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

போன வாரம் கூப்பிட்டாள்.

"செம்பாய், அந்தக் குறிப்பு எழுதின பக்கத்த இன்னும் வச்சிருக்கீங்களா? மார்ச் நிகழ்ச்சிக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். மொதப் பக்கத்துல அதத்தான் போடணும். நகல் வேணாம், உங்க கையெழுத்துப் பிரதியே வேணும்."

"தேடிப் பாக்குறேன்."

"தொகாஷி-சான்கிட்ட கேட்டேன். 'அத அவருதான் அனுப்பணும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்'னு சொல்லிட்டாங்க. ஏன் அப்படிச் சொன்னாங்க?"

தேட வேண்டிய தேவையே இல்லை, அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தாளின் அடியோரத்தில், நகல் எடுத்தபோது விடுபட்டுப்போன ஒரு வரி உண்டு. முழுக் குறிப்பு இது:

மகள் சிரிக்கட்டும்.
நாற்காலியும்.

நாற்காலி எங்கே சிரிக்கும்? பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிடும். என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பன்னிரண்டு வருடமாக அவள் எதன்மேல் கால் ஊன்றி ஆடுகிறாளோ, அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அழித்து அனுப்பவும் மனம் வரவில்லை. அழித்தால் அவளை இரண்டாவது முறை ஏமாற்றியவன் ஆவேன். பென்சில் எழுத்துதான், ஒரு தேய்ப்பில் போய்விடும்.

இதையெல்லாம் தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. அவளுக்குத் தமிழ் தெரியாது. குற்றம் இழைக்கப்பட்டவளுக்குப் புரியாத மொழியில் குற்றத்தை ஒப்புக்கொள்வது எவ்வளவு சௌகரியம் என்று எனக்கும் தெரியும்.

இந்தப் பத்தியை முடித்துவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போகப்போகிறேன், ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். என்ன செய்தேன் என்று எழுதப்போவதில்லை. உங்களில் யாராவது மார்ச் மாதம் டோக்கியோவில் இருந்தால், அவள் ஆட்டத்துக்குப் போங்கள். வாசலில் அந்தப் புத்தகம் கொடுப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். இரண்டு இருந்தால், ஆட்டம் முடிந்ததும் அவளிடம் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒன்றுதான் இருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.