மழைக்கு எடுத்த பாய்

நட்டுவைத்த பாரையில் தேங்காயைக் குத்தி மட்டையைத் திருகிக்கொண்டிருந்தான் ஊலேசே. துவாலா வந்து வீட்டின் கல்மேடை ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தான். பார்க்காதவன் போல இன்னொரு காயை எடுத்தான். சுவரில்லாத வீடு. உள்ளே யார் இருக்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக்கூடத் தெரிந்துவிடும். உள்ளே அவன் மனைவி சியேனி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

துவாலாவின் மகன் ஃபலானிகோ, ஊலேசேயின் மகன் இயோனாவை வெட்டிக் கொன்றவன். சேப்பங்காட்டு எல்லையில் ஒரு வாழைத்தாருக்காக ஆரம்பித்த பேச்சு. ஒரே அணியில் பந்தாடிய பையன்கள். போன வாரம் தலைநகர் ஆப்பியாவில் நீதிபதி தூக்கு என்று சொல்லிவிட்டார்.

"உடம்பு சௌகரியமா தம்பி?"

"இருக்கு."

"காய் நல்லா முத்தியிருக்கு."

"ம்."

துவாலா தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை காலை பஸ்ஸுல ஆப்பியா போறோம். நாட்டுத் தலைவர்கிட்ட கெஞ்சிப் பாக்கணும். செத்தவன் வீட்டு ஆளு வந்து மனசார மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா உயிர் மிஞ்சும்னு வக்கீல் சொல்றாரு. நீ வரணும். பாயை எடுத்தவன் நீதானே."

"சுதந்திரம் வந்ததுலேர்ந்து இங்க ஒருத்தனையும் தூக்குல போட்டதில்லேன்னு போதகர் சொன்னாரே."

"போட்டதில்லதான். என் பையன்கிட்டேர்ந்து ஆரம்பிக்க மாட்டாங்கன்னு போதகரா வந்து நிப்பாரு?"

அவர் போன பிறகும் ஊலேசே வெகுநேரம் அதே காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பாயை எடுத்தவன் நீதானே. ஊரே அப்படித்தான் சொல்கிறது. எடுத்தது அவன்தான், அதில் சந்தேகமில்லை. எதற்காக எடுத்தான் என்பதுதான் அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இயோனாவைப் புதைத்த மறுநாள் விடியும்போதே அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். முன்னால் துவாலா, தலையிலிருந்து மண்வரை பாய் போர்த்தி, குனிந்து. துணி மாதிரி மெல்லிசான, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்த குடும்பப் பாய். பின்னால் அவருடைய ஆட்கள், அடுப்புக் கல்லும் விறகும் சுமந்து, மண்டியிட்டு. பன்றியைச் சுடுவதுபோல எங்களைச் சுட்டாலும் சரி என்று அர்த்தம். செத்தவன் வீட்டார் வெட்ட நினைத்தால் வெட்டலாம். வெயிலில் காயவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருக்கலாம். பாயை எடுத்துவிட்டால் மன்னிப்பு. அப்புறம் அதை எந்த வாயும் திருப்பி எடுக்க முடியாது.

குடும்பத் தலைவன் அவன். மடியில் வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருந்தான். பாய்க்குள்ளே கழுத்து எந்த இடத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டத்தான் பார்த்தானா, சும்மா பார்த்தானா? அதுவும் தெரியாது. வெயில் ஏறியது. பிறகு ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் மலையிலிருந்து மழை இறங்கியது. பாய் பின்னிப் பின்னியே விரல் கோணிப்போன சியேனி, அழுதுகொண்டிருந்தவள், தலையைத் தூக்கிக் கத்தினாள்: "பாய்! ஐயோ, பாய் நனையுது!"

அவன் கால்கள் ஓடிவிட்டன. கத்தி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கொடியில் காய்கிற துணியை அள்ளுவதுபோல அள்ளிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே துவாலாவின் நரைத்த தலை. சுற்றிலும் ஒரே அழுகை. போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். துவாலா அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள். அவனும் சாப்பிட்டான். மனசைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் சில காலைகளில் மனசு காலியாக, லேசாக இருந்தது. இதுதான் மன்னிப்போ என்று நினைத்தான். சில நாள் பாரையில் குத்துகிற ஒவ்வொரு காயும் ஃபலானிகோவின் தலையாக இருந்தது. தூக்கு என்று நீதிபதி சொன்னபோது வயிறு குளிர்ந்தது உண்மை. வெளியே வந்து கோர்ட்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்ததும் உண்மை. இந்த இரண்டில் எவனை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது?

"போறியா?" என்றாள் சியேனி, சேப்பங்கிழங்கைச் சீவிக்கொண்டே.

"நீதான கத்தின."

"நான் பாயை எடுன்னேன். ஆளை மன்னிச்சுடுன்னா சொன்னேன்?"

"அப்ப அவன் தொங்கட்டும்ங்கறியா?"

"அதையும் நான் சொல்லல." கத்தி நின்றது. "அவன் ஆத்தா தண்ணிக்குப் போற வழியில என்னைக் கண்டா ஓரமா ஒதுங்கி நிக்கிறா. நாளைக்கு அவன் செத்தா, நானும் அவளைக் கண்டு ஒதுங்கணும். ரெண்டு பேரும் ஒதுங்கிட்டா வழியில எவய்யா நடக்குறது?"

அவன் கீழே கிடந்த கிழங்குத் தோலை அள்ளி ஓரமாகப் போட்டான்.

"மன்னிச்சேன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு வாயேன். எத்தனை பொய் சொல்லியிருக்க, மீன் பிடிக்கப் போறேன்னுட்டுக் குடிக்கப் போன ஆளுதான நீ."

"பொய்யின்னு தெரிஞ்சாச் சொல்லிருவேன்டி. பொய்யா நெசமான்னே தெரியலியே."

அவள் சிரிப்பதுபோல ஏதோ செய்தாள். பிறகு முன்னைவிட வேகமாகச் சீவினாள்.

திங்கட்கிழமை காலை அவன் வெள்ளைச் சட்டை போட்டான். போகத்தான் போட்டானா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. சட்டை துவைத்து வைத்திருந்தது, போட்டான். வெளியே வந்தபோது சியேனி அந்தப் பாயை முற்றத்துப் புல்லில் விரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சுருட்டி வைத்தது. அதற்கப்புறம் ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

"எதுக்கு இப்ப?"

"பூசணம் பிடிக்குது. அவங்க வீட்டுப் பாய் எனக்கு வேண்டாம். அதுக்காக ஒருத்தி வருசக்கணக்கா பின்னுனதைப் பூசணத்துக்கா குடுப்பேன்?"

பஸ் வந்து நின்றது. பாட்டுச் சத்தம், புகை. படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி துவாலா திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஹார்ன் அடித்தான். "ஏறுறவங்க ஏறுங்கப்பா! ஆப்பியா நம்மளைத் தேடியா வரப்போகுது?"

ஊலேசே முற்றத்தில் பாதி தூரம் நடந்திருப்பான். மலைப்பக்கம் கறுத்தது. முதல் சொட்டு அவன் கையில் விழுந்தது. அடுத்தது பாயின் நடுவில், சின்னதாய் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தது.

இந்தமுறை பாய்க்குக் கீழே யாரும் இல்லை. வெறும் புல். இப்போது ஓடினால், அன்றைக்கு ஓடியதும் பாய்க்காகத்தான். ஓடாவிட்டால்? அவன் தன் கால்களைப் பார்த்தான். சியேனியும் வாயைத் திறக்காமல் அவன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் துவாலா தலையைக் குனிந்துகொண்டார், அன்றைக்குக் குனிந்த மாதிரியே. ஹார்ன் இன்னொருமுறை அடித்தது. பாயின் மேல் பொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.