ஆள் வந்த பிறகு

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், ஒரேயடியாகக் கவிழ்த்தால் மாவு கட்டி தட்டிவிடும் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. லிஃப்ட்காரர் அதை மூன்று முறை படித்துவிட்டு, ஒரு கரண்டி பால், பத்து சுற்று கிண்டுவது என்று கணக்கு வைத்துக்கொண்டார். வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் பூண்டும் கேரட்டும் மைதாவோடு சேர்ந்து அடியில் ஒட்டப் பார்த்தன. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிற கை. எண்பது கிலோ மோட்டாரை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் என்று நகர்த்தி உட்கார வைக்கும். ஒரு கரண்டிப் பாலுக்கு இப்படித் தடுமாறுகிறதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

காகிதம் மேல் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. மனைவியின் கையெழுத்து. அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். மாத்திரை உறைமேல் எழுதுகிற மாதிரியே இந்த சூப் செய்முறையையும் எழுதியிருந்தாள்: மிளகுத்தூள் அரை ஸ்பூன், கோழித் துண்டுகள் வெந்த பின், சீஸ் அடுப்பை அணைத்த பின். கடைசி வரி இப்படி இருந்தது: 'பாஸ்தாவைத் தனியே வேக வைத்து வடித்து வைக்கவும். ஆள் வந்த பிறகு சேர்க்கவும்.' 'ஆள் வந்த பிறகு' என்பதன் கீழே இரண்டு கோடு. அவள் வீட்டை விட்டுப் போன மறுநாள் உப்பைத் தேடி அந்தக் கதவைத் திறந்தபோதுதான் இதை முதன்முதலாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர். அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் உப்பை மறந்துவிட்டு அங்கேயே நின்றார். அந்த ஆள் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'வந்துட்டேன்' என்பது அவருடைய தொழில் வார்த்தை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து போன் செய்வார்கள். சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்." சொல்லும்போது ஊரின் மறுகோடியில், சிக்னலில் நின்றுகொண்டிருப்பார். 'முக்கால் மணி நேரமாகும்' என்று சொன்னால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். 'வந்துட்டேன்' என்றால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது, கடைசியில் அவர் போய்ச் சேர்ந்துவிடுவாரே. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே 'வந்துட்டேன் சார்'. அவரும் அதை மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்த மெடலோடுதான் வீட்டுக்கும் போன் செய்தார். புதன்கிழமை மனைவிக்குக் காலை வேலை மட்டும் என்பதால் சாயங்காலம் இந்த சூப் செய்வாள். "வந்துட்டேன்" என்பார். அவள் நம்பி பாஸ்தாவைப் போட்டுவிடுவாள். அவர் கதவைத் தட்டும்போது பாஸ்தா பாலையெல்லாம் குடித்துவிட்டு உப்பிப்போய்க் கிடக்கும். கரண்டியை நட்டு வைத்தால் நிற்கும். "இது சூப்பா, போஸ்டர் ஒட்டற பசையா?" என்பாள் அவள். அவர் சிரிப்பார். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். எந்த வருஷம் அவள் சிரிப்பதை நிறுத்தினாள், எந்த வருஷம் அந்த இரண்டு கோட்டைப் போட்டாள் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. வீட்டில் நடந்தது எதுவும் அவருக்கு வருஷக் கணக்கில் ஞாபகம் இல்லை. எந்தக் கட்டிடத்தில் எந்த வருஷம் கேபிள் மாற்றினார் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. போன வருஷம் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மத்தியானம் ஒரு மணிக்கு மனைவி கூப்பிட்டு, "அப்பா உங்களைக் கேக்கறார்" என்றாள். "இதோ வந்துட்டேன்" என்றார். போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. மாமனார் முகத்தை மூடியிருந்தார்கள். "ஒரு அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க, விட்டுட்டு வர முடியல" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அந்த நிலைமையிலும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். நன்றாக இருப்பதாகத் தலையாட்டினார். அன்றைக்கு எந்த லிஃப்டிலும் யாரும் மாட்டவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு வேலை. கதவுத் தடத்துக்கு எண்ணெய் போட்டார், சாவகாசமாக டீ குடித்தார். கிழவர் எங்கே போய்விடப் போகிறார், முடித்துவிட்டே போகலாம் என்று நினைத்தார். அவ்வளவுதான் நடந்தது. இல்லாத ஒரு அம்மாவை மனைவி நலம் விசாரித்ததுதான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு வருஷமாக விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, அவர் ஒன்பது மணிக்கு வந்தபோது மனைவி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெட்டியோடு நின்றாள். சண்டை இல்லை. "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். எங்கே கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்கிறவள், அன்றைக்கு 'வரேன்' என்பதை விட்டுவிட்டாள். அது அவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

நேற்று போன் வந்தது. "துணி கொஞ்சம் எடுக்கணும். நாளைக்கு வரட்டுமா?" தன் வீட்டுக்கு வர அனுமதி கேட்கிறாளே என்று அவருக்குச் சுருக்கென்றது. "வா. சாப்பிட்டுட்டுப் போலாம். சூப் வைக்கறேன்." "நீங்களா?" என்றாள். பிறகு, "கிளம்பும்போது சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். அவள் அப்படித்தான். கிளம்பினால்தான் கிளம்பினேன் என்பாள். சூப்பை அவள் முன்னால் வைத்து, அந்த இல்லாத அம்மா விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதற்கப்புறம் அவள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரேயடியாகப் போனாலும் போகட்டும், சொல்லாமல் அவளைத் திரும்ப வரச் சொல்ல அவருக்கு வாய் வராது.

ஆறரைக்கு "கிளம்பிட்டேன்" என்றாள். ஏழு பத்துக்கு மறுபடி போன் அடித்தது. "வந்துட்டேன்."

அவர் சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார். சொன்னது அவள். வடித்து வைத்திருந்த பாஸ்தாவைத் தட்டோடு எடுத்துச் சட்டியில் கவிழ்த்தார். சின்னச் சின்னச் சிப்பி வடிவப் பாஸ்தாக்கள் பாலில் முங்கி மேலே வந்தன. சீஸைத் தூவி, இரண்டு கிண்ணத்தைத் துடைத்து வைத்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

லிஃப்ட் அசையவில்லை. அந்தக் கட்டிடத்து லிஃப்டும் அவர் பராமரிப்பில்தான் இருந்தது. எந்த மாடியில் நிற்கிறது, எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே படுக்கையிலிருந்து சொல்லுவார். நாலாவது மாடியில், அவர் வாசலுக்கு எதிரே, அது காலியாக நின்றது. ஏழே கால். ஏழு இருபத்தைந்து. சிப்பிகள் உப்பத் தொடங்கின. அடுப்பை மறுபடி சின்னதாக ஏற்றி, அரை டம்ளர் பால் ஊற்றிக் கிண்டினார். குடித்துவிட்டன. இன்னொரு அரை டம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தன. பழி வாங்குகிறாளோ என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே, இத்தனை வருஷப் புதன்கிழமைகளும் இந்த அடுப்படியில் இப்படித்தான் கழிந்திருக்கும் என்று புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. எத்தனை டம்ளர் பால் ஊற்றினாளோ.

ஏழே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். "எங்க இருக்க?"

"கீழதான்."

"கீழயா? எப்போலேருந்து?"

"வந்துட்டேன்னு சொன்னேனே. அப்பவே வந்துட்டேன். தபால் பெட்டி கிட்ட உக்காந்திருக்கேன். மேல வரத்தான் முடியல."

"நான் கீழ வரேன்."

"வேணாம். நீங்க அங்கயே இருங்க. ஒரு தடவையாவது இருங்களேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு போனில் எத்தனையோ பேசியிருக்கிறார். அவர்களுக்குச் சொல்வது எதுவும் இப்போது உதவாது என்று தெரிந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "அப்பா போன அன்னைக்கு லிஃப்ட்ல யாரும் மாட்டலை. அப்படி ஒரு அம்மாவே இல்லை. நான் டீ குடிச்சுட்டு இருந்தேன்."

கீழே யாரோ கதவைத் திறந்து மூடுகிற சத்தம் போனில் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. வைத்துவிடவில்லை.

"அப்பா நாலு தடவை கேட்டார்" என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. "மாப்பிள்ளை வந்துட்டாரான்னு. நாலு தடவையும் வந்துட்டார்னு சொன்னேன். நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். கதவையே பாத்துட்டு இருந்தார். சாகப் போற மனுஷன் கிட்ட என்னையும் பொய் சொல்ல வச்சுட்டீங்க."

தன் தப்பின் அளவு ஒரு டீ டம்ளர் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். அது எவ்வளவு பெரிது என்பது இப்போதுதான் தெரிந்தது.

"பாஸ்தா போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"நீ சொன்னதும் போட்டுட்டேன்."

"அப்போ கெட்டியாயிருக்கும்."

"ஆமா."

அப்புறம் எதிரே மோட்டார் முனகியது. யாரோ கீழே பட்டனை அழுத்தியிருந்தார்கள். அவர் வாசலைத் திறந்தார். காலி லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேல் சிவப்பு எண் மூன்றானது, இரண்டானது, ஒன்றானது, பூஜ்யமானது. அவளாகவும் இருக்கலாம், இரண்டாம் மாடிக்காரர்களாகவும் இருக்கலாம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கீழே கதவு வழுக்கித் திறக்கிற சத்தம் போனுக்குள் கேட்டது.

அந்தக் கதவு பன்னிரண்டு விநாடி திறந்திருக்கும். மற்ற கட்டிடங்களில் ஐந்துதான். மாமனார் கைத்தடியோடு ஏறுவதற்குள் மூடிக்கொள்கிறது என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அவள் சொல்லி அன்றைக்கே அவர் செய்த ஒரே வேலை, அதைப் பன்னிரண்டாகக் கூட்டியதுதான். அப்புறம் மாற்றவே இல்லை.

அடுப்பில் பால் தீய்கிற வாசனை வந்தது. அவர் நகரவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஏழு வரைக்கும் வந்திருந்தார். கீழே லிஃப்ட் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது.